அக்டோபர் 5 முதல் 10 வரை

இந்திய அமைதிப் படையைப் பற்றிச் சென்னையில் பேச்செடுத்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடுகிறது. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நம்ம பிரதமரையே கொன்னவங்க சார். அவங்க மேல படையை ஏவினது தப்பா?" என்பார் ஒருவர். "நம்ம ஆர்மி அங்க போய் என்ன பண்ணிச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? அதோட வினைதான் சார் அது" என்பார் பக்கத்திலிருப்பவர். கேட்க எதிரெதிர்க் கட்சிபோல இருக்கும். ஆனால் முதலாமவருக்குக் கொலை போரை நியாயப்படுத்துகிறது, இரண்டாமவருக்குப் போர் கொலையை விளக்குகிறது. இருவருமே 1991-இல் நின்றுகொண்டு 1987-ஐப் பார்க்கிறார்கள்.

ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டது 1991 மே 21. விடுதலைப் புலிகளிடமிருந்து ஆயுதங்களை வலுவில் பறிக்க இந்தியப் படை இறங்கியது 1987 அக்டோபர் 10. இடையில் மூன்று ஆண்டு ஏழு மாதம். முடிவெடுத்தவர்களின் கணக்கில் அந்தக் கொலை இருந்திருக்க முடியாது. ஓர் அரசு போருக்குப் போனது நியாயமா என்று கேட்பதானால், முடிவெடுத்த அன்று அதற்கு என்னென்ன தெரியும், வேறு எந்தெந்த வழிகள் அடைபடாமல் இருந்தன என்றுதான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முழுதாகக் கேட்கப்படவே இல்லை. கேட்டால் வரும் விடை டெல்லிக்குச் சாதகமாக இல்லை என்பது என் முடிவு. புலிகள் செய்த கொடுமைகளை ஒன்றுவிடாமல் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை.

இதைக் கேட்கும் கடமை மற்ற ஊர்களைவிடச் சென்னைக்கு அதிகம். 1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் போட்டி இயக்கத்தின் தலைவர் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட முயன்று போலீசில் சிக்கினார்கள். தன்னிடம் ஒப்படைக்கும்படி கொழும்பு கேட்டது. தமிழ்நாட்டுக் கட்சிகள் எதிர்த்தன. இருவரும் நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தார்கள். மறு ஆண்டு இலங்கையில் தமிழர்கள்மீது ஜூலைப் படுகொலை நடந்தது. படகு படகாக வந்த அகதிகளின் எண்ணிக்கை 1987-க்குள் 1 லட்சத்தைத் தாண்டியது. இந்திய உளவு அமைப்பான 'ரா' ஈழ இயக்கங்களுக்கு வட இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் பயிற்சி கொடுத்தது. அடையாறு இந்திரா நகரில் புலிகளின் அரசியல் அலுவலகம் ஊரறிய நடந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தங்களுக்குக் கோடிக் கணக்கில் பணம் தந்ததைப் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1987 அக்டோபரில் இந்தியா எதிர்கொண்ட எதிரியை வளர்த்ததில் இந்தியாவின் பங்கும், குறிப்பாக இந்த நகரத்தின் பங்கும் உண்டு. இன்று இந்திரா நகரின் குறுக்குத் தெருக்களில் நடப்பவருக்கு அதற்கான ஒரு தடயமும் கண்ணில் படாது.

பயிற்சி கொடுத்தவரே படையெடுத்தார் என்பதால் மட்டும் அந்தப் போர் அநியாயமாகிவிடாது. முன்பு செய்த தவற்றைத் திருத்தவும் ஓர் அரசு படையை அனுப்பலாம். ஆகவே ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவதே சரி.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 3 அன்று நிவாரணப் பொருள்களோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். எட்டு வாரத்தில், ஜூலை 29 அன்று, ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் 2.14ஆம் பிரிவு, தீர்வு யோசனைகளுக்கு இந்தியா உத்தரவாதம் அளிப்பதாகச் சொல்கிறது. இலங்கை கேட்டால் ராணுவ உதவி செய்யவும் இந்தியா ஒப்புக்கொண்டது. போர்நிறுத்தத்தை உறுதிசெய்யவும் செயல்படுத்தவும் இந்திய அமைதிப் படையை இலங்கை அதிபர் அழைக்கலாம் என்கிறது இணைப்பு. எந்த மக்களுக்காக இந்த ஏற்பாடோ அவர்கள் தரப்பிலிருந்து யாருடைய கையெழுத்தும் இதில் இல்லை.

சட்டப்படி பார்த்தால் குறைசொல்ல இடம் குறைவு. இறைமையுள்ள ஒரு நாட்டின் அதிபர் அழைத்தார், படை போனது. இந்திய அரசியல் சட்டத்தின்படியும் போர், அமைதி, வெளிநாட்டு உடன்படிக்கை எல்லாம் ஒன்றியப் பட்டியலில் வருகின்றன. நாடாளுமன்றம் முன்கூட்டி வாக்களிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அகதிகளைத் தாங்கிய தமிழ்நாட்டிடம் கருத்துக் கேட்கவும் அரசியல் சட்டம் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி, நியாயமா என்பது வேறொரு கேள்வி. நம் தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். 'அழைத்தார்கள், போனோம்' என்றதும் விவாதம் முடிந்துவிடுகிறது.

என் பார்வையில் இங்கே முக்கியமான சொல் 'உத்தரவாதம்'. ஊர்ப் பஞ்சாயத்தில் இரு தரப்புக்கும் ஜாமீன் நிற்பவருக்கு, தரப்புகளுக்கு இல்லாத ஒரு மரியாதை உண்டு, ஒரு பாரமும் உண்டு. அவர் எந்தப் பக்கமும் கை ஓங்கக் கூடாது. ஓங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தன் வாக்கைத் தன் பக்கத்தில் முழுதாகக் காப்பாற்றியிருக்க வேண்டும். அந்த அளவுகோலை அந்த அக்டோபருக்கு வைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 4 அன்று சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன் ஆயுதங்களை இந்தியாவிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். மக்களின் பாதுகாப்புப் பொறுப்பு இனி இந்தியாவுடையது என்று சேர்த்தே சொன்னார். மறுநாள் பலாலியில் ஒரு பகுதி ஆயுதம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பகுதிதான், முழுதும் இல்லை. செப்டம்பரில் புலிகள் கிழக்கில் மற்ற இயக்கத்தவர்களைக் கொன்றார்கள். அதே மாதம் 15ஆம் தேதி புலிகளின் திலீபன் ஐந்து கோரிக்கைகளோடு நல்லூரில் தண்ணீர்கூட அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கி 26ஆம் தேதி இறந்தார். அதற்குப் பிறகே இடைக்கால நிர்வாக சபையில் புலிகளுக்குப் பெரும்பான்மை தர உடன்பாடு ஏற்பட்டது. தலைவர் யார் என்ற தகராறில் அதுவும் நின்றது.

அக்டோபர் தொடக்கத்தில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 புலிகளை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்துப் பலாலி தளத்தில் வைத்தது. ஒப்பந்தத்தில் பொதுமன்னிப்பு இருந்தது. இவர்களுக்கு அது பொருந்தாது என்றது கொழும்பு. விசாரிக்கக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தேசியப் பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி பிடிவாதமாக நின்றார். இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் ஜெயவர்த்தனாவிடம் வாதாடியும் பயனில்லை. அதே தளத்தில்தான் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கின் படையும் இருந்தது. கண்ணெதிரே இருந்த 17 பேரை இந்தியாவால் வடக்கிலேயே நிறுத்திவைக்க முடியவில்லை. அக்டோபர் 5 அன்று, விமானத்தில் ஏற்றப்படும் நேரத்தில், அவர்கள் சயனைடு விழுங்கினார்கள். 12 பேர் இறந்தார்கள்.

அடுத்து வந்த ஐந்து நாள்கள்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

டெல்லியின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். 12 பேரின் சாவுக்குப் பிறகு புலிகள் தங்களிடம் கைதிகளாக இருந்த எட்டு இலங்கைப் படையினரைக் கொன்றார்கள். கிழக்கில் சிங்களக் குடிமக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தியச் சிப்பாய்களும் பிடித்துக் கொல்லப்பட்டார்கள். 'நீங்கள் அடக்குகிறீர்களா, நாங்கள் அடக்கவா?' என்ற நிலைக்குக் கொழும்பு வந்தது. இந்தியா விலகினால் இலங்கை ராணுவம் மறுபடி யாழ்ப்பாணத்தில் இறங்கும், வடமராட்சி திரும்ப நடக்கும். சும்மா இருந்தால் உத்தரவாதம் பொய்யாகும். இந்த வாதம் லேசானதல்ல. கிழக்கில் வெட்டப்பட்ட சிங்கள ஏழைகளின் சாவைச் சொல்லாமல் அமைதிப் படையை மட்டும் குற்றம்சாட்டும் எழுத்துகளை என்னால் ஏற்க முடிவதில்லை.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கொலைகள் நடந்தது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும். போர் கொண்டுபோகப்பட்டது யாழ்ப்பாண நகரத்துக்கு. கிழக்கில் சிங்களக் கிராமங்களைச் சுற்றிப் படை நிறுத்தியிருந்தால், அங்கே கொலைகாரர்களோடு மோதியே இருந்தாலும், அது அமைதி காக்கும் படைக்குரிய வேலை. யாரும் மறுக்க முடியாத வேலை. அதை விட்டு, பல லட்சம் மக்கள் வாழும் குடாநாட்டின் நடுவே போய் ஓர் இயக்கத்தின் தலைமையைப் பிடிப்பது என்பது காப்பாற்றும் வேலையிலிருந்து தண்டிக்கும் வேலைக்குத் தாவியது. கொழும்பை நோக்கி ஒரு வார்த்தைகூட இந்தியா அதே கடுமையில் சொல்லவில்லை. பொதுமன்னிப்பை மதிக்காத தரப்புக்கு எந்த விலையும் விதிக்கப்படவில்லை. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கத் தன் படைகளை நகர்த்திக்கொள்ள ஜெயவர்த்தனாவுக்கு நேரமும் கிடைத்தது.

முடிவின் பின்விளைவு அன்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒட்டுமொத்தப் படைத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், கடும் வழியை எடுத்தால் பத்து இருபது ஆண்டுகளுக்கு அதில் மாட்டிக்கொள்வோம் என்று ராணுவத் தலைமைத் தளபதி சுந்தர்ஜியிடம் முன்பே சொன்னதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். களத்திலிருந்த ஹர்கிரத் சிங்கும் அந்த வழிக்கு உடன்படவில்லை என்றே பதிவுசெய்திருக்கிறார். சண்டை சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் முடியும் என்ற நம்பிக்கையே மேலிடத்தில் வென்றது. ஓய்வுபெற்ற பின் எழுதும் நினைவுக்குறிப்பில் அவரவர் தம் பக்கத்தை வெளுத்துக்கொள்வது இயல்புதான். இருந்தும் களத்தோடு நேரடித் தொடர்புள்ள இரு தளபதிகள் தனித்தனியே ஒரே திசையில் சொல்லும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. போர் தொடங்கிய நாலைந்து நாளிலேயே பிரபாகரன் ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதிப் போர்நிறுத்தம் கேட்டார். முதலில் ஆயுதம், பிறகே பேச்சு என்றது டெல்லி. கடைசி வழியாகப் போரைத் தேர்ந்த அரசு, பேச வழி திறந்ததும் அதில் நுழைந்திருக்கும்.

ஈராக் போர் பற்றிப் பிரிட்டன் அமைத்த சில்காட் விசாரணை ஏழு ஆண்டு நடந்து 2016 ஜூலையில் அறிக்கை தந்தது. அதன் முதன்மையான முடிவு: அமைதி வழிகள் தீரும் முன்பே படையெடுத்தார்கள், போர் அந்த நேரத்தில் கடைசி வழியாக இருக்கவில்லை. சதாம் ஹுசேன் நல்லவர் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. சொல்ல அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எதிரி கொடியவன் என்பது மட்டும் போரை நியாயமாக்கப் போதாது என்பதே அதன் அடிப்படை. நம் ஊர் விவாதம் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். புலிகள் யார் என்று நிரூபித்துவிட்டால் போர் நியாயமாகிவிட்டது என்று ஒரு தரப்பு நினைக்கிறது. போர் அநியாயம் என்று நிரூபித்துவிட்டால் புலிகள் சுத்தமாகிவிட்டார்கள் என்று மறு தரப்பு நினைக்கிறது.

நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் 10 அன்று இந்தியப் படை முதலில் செய்தவற்றில் ஒன்று யாழ்ப்பாணத்து 'ஈழமுரசு', 'முரசொலி' நாளேடுகளின் அச்சகங்களைத் தகர்த்தது. 11ஆம் தேதி நள்ளிரவு புலித் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். உதவிக்கு மேலும் ஆள் இறக்க முடியாத அளவுக்குக் கீழேயிருந்து சுட்டார்கள். அந்த இளைஞர்களை அங்கே அனுப்பிய அவசரத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டது. அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வளாகத்துக்குள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது படைத்தரப்பு. புலிகள் மருத்துவமனையைப் பயன்படுத்தியதையும், உயிர்தப்பியவர்கள் கண்ட கொலைகளையும் சேர்த்தே எழுதிய 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு பக்கத்தையும் சொன்னவருக்குக் கிடைத்தது அது.

போருக்குப் போன நியாயம் வேறு, போர் நடத்திய முறை வேறு என்று அறநூலார் பிரிப்பார்கள். இந்த இடத்தில் அந்தப் பிரிவினை முழுதாக நிற்காது. மக்கள் நெருங்கி வாழும் நகரத்துக்குள், மக்களோடு மக்களாகக் கலந்திருக்கும் இயக்கத்தை, கனரக ஆயுதத்தோடு இரண்டு வாரத்தில் நிராயுதபாணியாக்கு என்று ஆணையிட்டால் மருத்துவமனை போர்க்களமாகும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். ஆணையிலேயே அதன் வித்து இருந்தது.

இந்திரா நகரிலிருந்து சற்று தூரத்தில், பெசன்ட் நகரில், உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. அவர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் இந்த விவாதத்துக்கு வேண்டிய இரண்டு பாட்டுகள் உண்டு. ஒன்று நெட்டிமையார் பாடியது. அம்பு எய்யும் முன் ஆவையும் அந்தணரையும் பெண்டிரையும் பிணியாளரையும் பிள்ளைப்பேறு இல்லாதவரையும் அரண் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போர் தொடங்கும் பாண்டியனின் அறத்தைப் புகழ்வது. பிணியாளரை விலக்கிவிட்டே போர் என்பது ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மொழியில் ஒரு விதி. மற்றது உறையூர் முற்றுகையின்போது கோவூர் கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று பாடியது. இருவரும் ஒரே குடி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். எந்தப் பக்கத்துக்கும் வாளை எடுக்கவில்லை. ஜாமீன் நிற்பவரின் இடம் எது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பழம்பெருமை பேச இவற்றைச் சொல்லவில்லை. பன்னாட்டுச் சட்ட நூல்களில் தேடும் அளவுகோல் நம் கைக்கெட்டும் அலமாரியிலும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

யாழ் நகரம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு விழுந்தது. போர் ஓயவில்லை. படையின் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேசுவரன் பதுங்கித் தாக்கியவர்களோடு மோதி இறந்தார். இந்தப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர் தமிழர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடிமக்களை இந்தியப் படை கொன்றது. அதற்குள் கொழும்பில் அதிபராகியிருந்த பிரேமதாசா, இந்தியப் படையை வெளியேறச் சொன்னதோடு அதை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். அழைத்தவரின் நாடே விரட்டியது. திரும்பி வராத இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

கடைசி அணி திருகோணமலையிலிருந்து 1990 மார்ச் 24 அன்று கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்றார். அதைத் தேசத் துரோகம் என்றவர்களும் தன்மானம் என்றவர்களும் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் போரைப் பற்றித் தமிழ்நாட்டு அரசு வெளிப்படையாகச் சொன்ன ஒரே தீர்ப்பு அந்த வராமைதான். அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் அந்த முடிவை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் யாரும் அந்தக் கப்பலில் இல்லை. வரவேற்பை மறுத்த கையோடு 'இந்தப் போருக்கு விசாரணை வேண்டும்' என்று சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தால் அந்த மறுப்புக்கு வேறு எடை இருந்திருக்கும்.

விசாரணை வரவே இல்லை. ஓராண்டில் ஸ்ரீபெரும்புதூர் நடந்தது, அதோடு 1987-இன் கேள்வி புதைந்தது. ராஜீவ் கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷன் தமிழ்நாட்டில் இயக்கங்கள் வளர்ந்த கதையை விரிவாக எழுதியது. 1997-இல் அதன் இடைக்கால அறிக்கை குஜ்ரால் அரசையே கவிழ்த்தது. ஆனால் அது ஒரு கொலையைப் பற்றிய விசாரணை. 1,200 இந்தியர்களும் பல்லாயிரம் ஈழத் தமிழர்களும் இறந்த போரை ஏன் தொடங்கினோம் என்று ஆராய எந்தக் கமிஷனும் அமைக்கப்படவில்லை.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. போர், ராணுவ நடவடிக்கைகளின் ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும் என்பது அது. யாழ்ப்பாணப் போரின் கடைசிக் காகிதத்துக்கும் அந்தக் கெடு 2015-லேயே முடிந்துவிட்டது. அந்தப் போரை நடத்திய தலைமையகம் சென்னையில்தான் இயங்கியது. பலாலிக்கும் சென்னைக்கும், சென்னைக்கும் டெல்லிக்கும், டெல்லிக்கும் கொழும்புத் தூதரகத்துக்கும் போய்வந்த செய்திகள் ஏதோ ஓர் அறையில் கட்டுக்கட்டாக இருக்க வேண்டும். அவை எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்கும்படி நான் கேட்கவில்லை. 1987 அக்டோபர் 5 காலை முதல் 10 காலை வரை தேதியிட்ட கோப்புகளை முதலில் தரட்டும்.